மாமாவின் சீகோ ஞாயிறு நள்ளிரவில் ஏன் நின்றது

கையசைவில் தானே சாவி ஏறும் பழைய ஆட்டோமேட்டிக் வாட்ச் கழற்றி வைத்த கொஞ்ச நேரத்திலேயே நின்றுவிடுகிறது என்று எந்தக் கடையில் போய்ச் சொன்னாலும், "ஸ்பிரிங் வீக்காயிருச்சு சார், மாத்திரலாம்" என்றுதான் முதலில் சொல்வார்கள். சில வாட்சுகளில் அது சரியாகவும் இருக்கும். ஆனால் ஸ்பிரிங்கை மாற்றிய பிறகும் அதே இடத்தில் நிற்கிற வாட்சுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பவர் ரிசர்வ், அதாவது கழற்றி வைத்த பிறகும் வாட்ச் ஓடும் நேரம், குறைவு என்பது நமக்கு வெளியே தெரிகிற ஒரே அறிகுறி. அதற்குப் பின்னால் மூன்று வேறு வேறு கோளாறுகள் இருக்கலாம். ஸ்பிரிங் முழுதாக நிரம்பாமல் இருக்கலாம். நிரம்பினாலும் பிடித்து வைக்க முடியாமல் இருக்கலாம். நிரம்பிப் பிடித்தும், கையிருப்பு தீருவதற்கு முன்பே உராய்வு தாங்காமல் மிஷின் நின்றுபோகலாம். இந்த மூன்றில் எது என்று தெரியாமல் செய்கிற எந்தச் செலவும் குருட்டுச் செலவுதான். மூடியைத் திறப்பதற்கு முன்பே இதில் பாதியைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது என் தாய்மாமாவின் சீகோ 5. ஷார்ஜாவில் வேலை பார்த்தபோது வாங்கியது. கிழமைத் தட்டில் ஒரு பக்கம் ஆங்கிலம், இன்னொரு பக்கம் அரபி. உள்ளே 7009ஏ மிஷின், அச்சுகளைத் தாங்க 17 கல். மூடியில் இருக்கும் வரிசை எண்ணின் முதல் இலக்கம் 4. சீகோவில் அந்த முதல் இலக்கம் தயாரித்த ஆண்டின் கடைசி எண்ணையும் இரண்டாவது இலக்கம் மாதத்தையும் சொல்லும். அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்றால் எண்ணுக்குப் பதில் ஓ, என், டி என்ற எழுத்து வரும். பத்தாண்டுக்கு ஒருமுறை அதே எண் திரும்பிவிடும் என்பதால் ஆண்டை உறுதி செய்ய வேறு தடயமும் வேண்டும். மாமா முதல் விடுமுறைக்கு ஊருக்கு வந்தது 1985-இல், கையில் இந்த வாட்சோடு. ஆகவே இது 1984.

அந்தக் காலத்தில் வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்தவர்கள் கையில் இந்த வாட்ச் இல்லாமல் வந்ததைப் பார்ப்பது அரிது. 1963-இல் சீகோ 5 அறிமுகமானபோது கொடுத்த வாக்குறுதிகளில் ஒன்று டயாஃப்ளெக்ஸ் என்ற, எளிதில் உடையாத மெயின் ஸ்பிரிங். எஃகில் செய்து நீலம் ஏற்றிய பழைய ஸ்பிரிங்குகள் ஆண்டுகள் போகப் போக வளைந்த நிலையிலேயே படிந்துபோகும், திடீரென்று உடையவும் செய்யும். சீகோவின் கலப்பு உலோக ஸ்பிரிங் அவ்வளவு சீக்கிரம் தளர்வதில்லை. அதனால் சீகோ 5 என்றால் ஸ்பிரிங் மேல் சந்தேகம் கடைசியாகத்தான் வர வேண்டும் என்பது என் கணிப்பு.

மாமா போன பிறகு வாட்ச் என் கைக்கு வந்தது. வார நாட்களில் அருமையாக ஓடும். சனிக்கிழமை இரவு பத்து மணி வாக்கில் கழற்றி வைத்தால் திங்கள் காலையில் நின்றிருக்கும். முள் எப்போதும் ஞாயிறு நள்ளிரவை ஒட்டியே நின்றிருக்கும், தேதித் தட்டு பாதி திரும்பிய நிலையில். ஒரு கடையில் ஸ்பிரிங் என்றார்கள். இன்னொரு கடையில் தேதித் தட்டைப் பார்த்ததுமே, "காலண்டர் டைட்டா இருக்கு, அதான் இழுக்க முடியாம நிக்குது" என்றார்கள். இரண்டாவது விளக்கம் கேட்க மிகவும் பொருத்தமாக இருந்தது. தேதியும் கிழமையும் மாறும் நேரத்தில் மிஷின் கூடுதல் சுமையை இழுப்பது உண்மை. இந்த வகை சீகோவில் இரவு பத்துக்கு மேல் தேதி நகரத் தொடங்கும். அதன் பிறகு கிழமை, நடுவில் மற்ற மொழியைத் தாண்டி, நமக்கு வேண்டிய மொழியில் வந்து நிற்க விடிகாலை ஆகிவிடும். காய்ந்த கிரீஸ் அங்கே இருந்தால் வாட்ச் நிற்கத்தான் செய்யும்.

ஆனால் ஒன்று யோசிக்க வேண்டும். நான் எப்போதும் ஒரே நேரத்தில் கழற்றி வைக்கிறேன். வாட்ச் எப்போதும் ஒரே நேரத்தில் நிற்கிறது. இதற்குக் காரணம் காலண்டராக இருக்கலாம். அல்லது 26 மணி நேரத்தில் தீர்ந்துபோகும் கையிருப்பு தற்செயலாக நள்ளிரவில் போய் விழுவதாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரிக்க ஒரே வழி, தொடங்கும் நேரத்தை மாற்றிப் பார்ப்பது. ஒருமுறை இரவில் முழுதாக நிரப்பி வைக்க வேண்டும், இன்னொரு முறை காலை எட்டு மணிக்கு. இரண்டு முறையும் நள்ளிரவுக்குப் பக்கத்திலேயே நின்றால் காலண்டர். தொடங்கிய நேரம் மாறும்போது நிற்கும் நேரமும் கூடவே நகர்ந்தால் கையிருப்பு. என் வாட்ச் காலையில் நிரப்பியபோது மறுநாள் பத்து மணி சுமாருக்கு நின்றது. நள்ளிரவின் தேதி மாற்றத்தையும் விடிகாலைக் கிழமை மாற்றத்தையும் எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் தாண்டியிருந்தது. காலண்டர் நிரபராதி.

இந்தச் சோதனையைச் செய்ய எந்தக் கருவியும் வேண்டாம். கிழமை, தேதி இரண்டும் உள்ள வாட்ச், தான் நின்ற நேரத்தைத் தானே எழுதி வைத்துக்கொள்கிறது. ஒரு கட்டுப்பாடு மட்டும் உண்டு. நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது. எடுத்தால் உள்ளே சுழன்று சாவி ஏற்றும் ரோட்டர் என்ற எடைத் தகடு அசையும். அசைந்தால் சாவி ஏறும், கணக்கு கெட்டுப்போகும். டயல் மேலே பார்க்க, யாரும் தொடாத அலமாரித் தட்டில் வைத்துவிட்டு மறந்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவைத்துத்தான் செய்தேன்.

முழுதாக நிரப்புவது என்று நான் சொல்வதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலான அளவீடுகள் தவறாகின்றன. கையில் சாவி கொடுக்கும் ஹெச்எம்டி ஜனதா போன்ற வாட்சில் நிரம்பிவிட்டது நமக்கே தெரியும். குமிழ் மேற்கொண்டு திரும்பாது. ஸ்பிரிங் சுருண்டிருக்கும் உருளைப் பெட்டியைப் பீப்பாய் என்பார்கள்; ஸ்பிரிங்கின் வெளி முனை அந்தப் பீப்பாய்ச் சுவரில் மாட்டியிருப்பதால் அப்படி. ஆட்டோமேட்டிக்கில் அந்த முனையை மாட்ட முடியாது. நாள் முழுக்கக் கை அசையும்போது ரோட்டர் ஏற்றிக்கொண்டே இருந்தால் ஏதாவது ஒன்று உடைந்துவிடும். அதனால் ஸ்பிரிங்கின் வெளி முனையில் இன்னொரு தடித்த பட்டை இருக்கும். அது சுவரை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். இழுவிசை ஓர் அளவைத் தாண்டினால் வழுக்கிக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, மறுபடியும் பிடித்துக்கொள்ளும். அட்ரியன் ஃபிலிப் 1863-இலேயே இந்த வழுக்கும் ஸ்பிரிங்குக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரம் பரவலாவதற்கு வெகு காலம் முன்பே பிறந்த யோசனை அது. இன்றைக்கும் எல்லா ஆட்டோமேட்டிக்கும் அதை நம்பித்தான் ஓடுகிறது.

குமிழில் சாவி கொடுக்க முடிகிற ஆட்டோமேட்டிக் என்றால் நிரப்புவது எளிது. உதாரணமாக ஈடிஏ 2824 என்ற சுவிஸ் மிஷினுக்கு நாற்பது சுற்று கொடுத்தால் போதும். 7009-இல் அந்த வசதி இல்லை. குமிழ் நேரமும் தேதியும் திருத்த மட்டுமே. கையால் சாவி கொடுக்கத் தேவை இல்லை என்பதைக் காட்டத்தான் அதை நாலு மணிப் பக்கம் ஒதுக்கி, உறைக்குள் புதைத்து வைத்தார்கள். வாட்சைப் பிடித்து அரை நிமிடம் ஆட்டினால் ஓடத் தொடங்கும், ஆனால் நிரம்பாது. ஆட்டிவிட்டு மேசையில் வைத்து "பத்து மணி நேரம்தான் தாங்குது" என்று சொல்பவர்கள் வாட்சைக் குறை சொல்ல முடியாது. திறக்காமல் நிரப்ப வேண்டுமென்றால் நன்றாக நடமாடுகிற ஒரு நாள் முழுவதும், முடிந்தால் தொடர்ந்து சில நாட்கள், கட்டியிருக்க வேண்டும். மூடி திறக்கத் தெரிந்தவர்கள், ஸ்பிரிங்கை இறுக்கும் ராட்செட் சக்கரத்தின் நடுத்திருகைச் சரியான அகலமுள்ள ஸ்க்ரூடிரைவரால் வலப்பக்கமாக மெதுவாகச் சுற்றலாம்.

அந்தத் திருகைச் சுற்றும்போதுதான் எனக்கு விடை கிடைத்தது. இதற்கு வழி காட்டியவர் மதுரையில் நான் போய் உட்காரும் கடைக்காரப் பெரியவர். முழுதாகக் காலியான வாட்சை எடுத்துத் திருகைச் சுற்றச் சொன்னார்.

"எண்ணிக்கிட்டே சுத்துங்க தம்பி. கைக்குத் தெரியும்."

"என்னங்கய்யா தெரியும்?"

"இறுகிக்கிட்டே வரும். ஒரு இடத்துல விட்டுக்கொடுக்கும். அங்க எத்தன சுத்துன்னு சொல்லுங்க."

ஐந்து சுற்று தாண்டுவதற்குள் இறுக்கம் சட்டென்று தளர்ந்தது. காதருகே வைத்தால் மெல்லிய சத்தமும் கேட்டது. மேற்கொண்டு சுற்றினால் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வழுக்கியது. அவர் தன் மேசை இழுப்பறையிலிருந்து நல்ல நிலையில் இருந்த இன்னொரு 7009-ஐ எடுத்துக் கொடுத்தார். அதில் எட்டு சுற்றுக்குப் பக்கத்தில்தான் வழுக்கியது. இதே குடும்பத்தில் 1996-இல் வந்த 7எஸ்26 மிஷினுக்கு சீகோவின் சர்வீஸ் தாளிலும் முழுதாக நிரப்ப 8 சுற்று என்றுதான் இருக்கிறது. அந்த மிஷினின் தாங்கும் நேரம் 40 மணிக்கு மேல். அப்படியானால் ராட்செட் சக்கரத்தின் ஒரு சுற்றுக்குச் சுமார் ஐந்து மணி நேர ஓட்டம். என் வாட்சில் ஐந்து சுற்றுக்கு மேல் ஏறவே இல்லை. 26 மணி நேரத்துக்கு அது அப்படியே பொருந்தியது.

"ஸ்பிரிங்கு போகல தம்பி. ஸ்பிரிங்கு வழுக்குது" என்றார்.

நான் எத்தனை விளக்கம் படித்திருந்தாலும், கையில் ஸ்க்ரூடிரைவரோடு அந்த வழுக்கலை உணர்ந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. மாமா கட்டியிருந்த வாட்ச், நாள் முழுவதும் என் கையசைவை வாங்கி வாங்கி, மூன்று சுற்று அளவுக்கான சக்தியைப் பிடித்துக்கொள்ள முடியாமல் விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

இன்னொரு சோதனையும் செய்து உறுதிப்படுத்தினோம். இது எல்லா வாட்சுக்கும் பொருந்தும், என் கணக்கில் இதுதான் மிக முக்கியமானது. வாட்ச் தானாக நின்ற பிறகு, ராட்செட் திருகை ஸ்க்ரூடிரைவரால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தடுப்புக் கொக்கியை மெல்ல விலக்கி, மீதமிருக்கும் சாவியைக் கட்டுப்பாட்டோடு இறக்கிப் பார்ப்பது. கை நழுவவே கூடாது. முழுச் சக்தியோடு இருக்கும் ஸ்பிரிங் சட்டென்று விடுபட்டால் பற்கள் போய்விடும். திருகு அரைச் சுற்றுகூடத் திரும்பி வராவிட்டால், வாட்ச் தன்னிடம் இருந்ததைக் கடைசிச் சொட்டு வரை செலவழித்துவிட்டுத்தான் நின்றிருக்கிறது. அப்போது சக்கரங்களைக் குறை சொல்ல இடமில்லை. இரண்டு மூன்று சுற்று திரும்பி வந்தால் நிலைமை நேர்மாறு. ஸ்பிரிங்கில் சக்தி இருக்கிறது, மிஷினால் அதை வாங்கி ஓட முடியவில்லை. அந்த வாட்சுக்குப் புது ஸ்பிரிங் போடுவது நோயை மறைக்குமே தவிர தீர்க்காது. என் வாட்சில் திருகு கொஞ்சம்தான் திரும்பியது.

பீப்பாயைத் திறந்தபோது சுவர் முழுக்க மெல்லிய எண்ணெய் பளபளத்தது. முன்பு எப்போதோ சர்வீஸ் செய்த யாரோ, சக்கர அச்சுகளுக்கு விடும் எண்ணெயையே ஸ்பிரிங்கின் மேலும் சுவரிலும் தாராளமாகத் தடவியிருக்கிறார்கள். ஆட்டோமேட்டிக் பீப்பாயின் சுவருக்குத் தேவை வழுக்குகிற எண்ணெய் இல்லை, பிடிக்கிற கிரீஸ். மோபியஸ் 8217, க்ளூபர் பி125 என்று அதற்கென்றே விற்கிறார்கள். ஒரு குண்டூசி முனை அளவில் சில இடங்களில் வைத்தால் போதும். அளவு மிஞ்சினாலோ, பிடிப்பு மிஞ்சினாலோ எதிர்ப்பக்கக் கோளாறு வரும். பட்டை வழுக்கவே வழுக்காமல் இறுகிப் போய், முன்னும் பின்னும் வீசி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரம் அளவுக்கு மீறி வீசி முட்டத் தொடங்கும். அப்போது வாட்ச் பைத்தியம் பிடித்ததுபோல் வேகமாக ஓடும்.

வெளியே எடுத்த ஸ்பிரிங்கைக் கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தோம். நல்ல ஸ்பிரிங் விடுபட்டதும் எதிர்ப்பக்கம் வளைந்து ஆங்கில எஸ் எழுத்துபோல் விரிந்து கிடக்கும். சோர்ந்த ஸ்பிரிங் சுருண்டபடியே இருக்கும். இது நன்றாகவே விரிந்தது. துரு இல்லை, ஓரத்தில் வெடிப்பு இல்லை. ஆகவே பழைய ஸ்பிரிங்கையே கழுவித் துடைத்து மறுபடி போட்டார் பெரியவர். எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி. மாமா கையில் ஓடிய அதே ஸ்பிரிங்.

ஒருவேளை மாற்ற வேண்டியிருந்திருந்தால்? மிஷின் எண்ணை மட்டும் சொல்லி வாங்குவதைவிட உயரம், கனம், நீளம், பீப்பாயின் உள்விட்டம் நான்கையும் அளந்து ஒப்பிட்டு வாங்குவதே பாதுகாப்பு. கனம் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கூடினாலும் விசை கூடிவிடும், பீப்பாய்க்குள் அடங்கும் சுற்றும் குறையும். தாங்கும் நேரம் கூட வேண்டும் என்று தடித்த ஸ்பிரிங் போடுகிறவர்கள் அதனால்தான் ஏமாந்துபோகிறார்கள்.

இனி மற்ற இரண்டு வகைகள். என் பெரியப்பா மகன், அண்ணன், வைத்திருக்கும் 6309 மிஷின் சீகோ முதல் வகை. முழுதாக நிரப்பி மேசையில் வைத்தால் 40 மணியைத் தொடுகிறது. கையில் கட்டிக் கழற்றினால் விடியும்போதே நின்றுவிடும். பீப்பாய், சக்கரங்கள் எல்லாம் நலம் என்பதை மேசைச் சோதனையே சொல்லிவிட்டது. மிச்சம் இருப்பது நிரப்புகிற பக்கம். அங்கே இரண்டு கேள்வி. கட்டுகிறவர் போதுமான அளவு அசைகிறாரா? அசைவது ஸ்பிரிங்குக்குப் போய்ச் சேருகிறதா?

முதல் கேள்வியைப் பலர் அவமானமாக நினைத்துத் தவிர்க்கிறார்கள், தேவையில்லை. நாள் முழுவதும் கணினி முன் கையை மேசையில் ஊன்றி உட்கார்ந்திருப்பவருக்கும், கடையில் நின்று சரக்கு எடுத்துக் கொடுப்பவருக்கும் ஒரே வாட்ச் ஒரே மாதிரி நிரம்பாது. வளைகுடாவில் கட்டட வேலை பார்த்தவர்கள் கையில் ஒருபோதும் நிற்காத வாட்ச், ஓய்வு பெற்று ஊரில் உட்கார்ந்ததும் நிற்கத் தொடங்கியதைக் கேட்டிருக்கிறேன். வாட்ச் மாறவில்லை. எளிதில் சரிபார்க்க, வேறொருவர் கையில் ஒரு நாள் கட்டிப் பார்க்கலாம். அண்ணனின் வாட்சை நான் கட்டிப் பார்த்தேன், எனக்கும் விடியலில் நின்றது. ஆகவே கோளாறு வாட்சில்தான்.

சீகோவின் நிரப்பும் முறை அழகானது. 1959-இல் ஜைரோ மார்வெல் வாட்சில் வந்த மேஜிக் லீவர்தான் இன்றுவரை தொடர்கிறது. ரோட்டர் ஒரு சிறு சக்கரத்தைச் சுற்றும். அந்தச் சக்கரத்தில் மையம் விலகிய ஒரு முளை உண்டு. முளையில் மாட்டியிருக்கும் கவைபோன்ற நெம்புகோலின் இரு விரல்களும் பற்சக்கரத்தைப் பிடித்திருக்கும். ரோட்டர் எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒரு விரல் தள்ளும், இன்னொன்று இழுக்கும். பற்சக்கரம் ஒரே திசையில் நகரும். இவ்வளவுதான் பாகங்கள். எனவே சோதிப்பதும் எளிது. ராட்செட் சக்கரத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு ரோட்டரை விரலால் மெதுவாக ஒரு பக்கம் சுற்ற வேண்டும். புள்ளி நகர வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினாலும் அதே திசையில் நகர வேண்டும். ரோட்டரை நிறுத்தும்போது புள்ளி பின்னால் திரும்பி வரக் கூடாது.

அண்ணனின் வாட்சில் ரோட்டரை எந்தப் பக்கம் சுற்றினாலும் புள்ளி விட்டு விட்டுத்தான் நகர்ந்தது. நடுநடுவே ரோட்டர் சும்மா சுற்றியது. நெம்புகோலின் ஒரு விரல் நுனி மழுங்கிப் பற்களில் பிடிக்காமல் நழுவிக்கொண்டிருந்தது. மூடியின் உட்புறத்தில் பிறை வடிவில் கீறல்களும் இருந்தன. ரோட்டரின் நடுவில் உள்ள பால் பேரிங் தேய்ந்து ரோட்டர் தொங்கிப் போய் உரசினால்தான் அந்தக் கீறல் வரும். காதருகே வைத்து ஆட்டினால் கரகரவென்று சத்தம் கேட்கும். நெம்புகோலையும் ரோட்டரையும் மாற்றியதோடு சரியாகிவிட்டது. பீப்பாயைத் தொடவே இல்லை.

மூன்றாவது வகைதான் கடினம். நண்பர் ஒருவர் இணையத்தில் வாங்கிய 7009, நின்ற பிறகும் திருகு மூன்று சுற்றுக்குமேல் திரும்பி வந்தது. சக்தி இருக்கிறது, ஓட்டம் இல்லை. புது வண்ணம் அடித்த டயல், வேறு வாட்சின் முள், பளபளக்கும் உறை, உள்ளே துடைக்காத மிஷின் என்று விற்கப்படும் வாட்சுகளில் இது சகஜம். அழகுக்குக் காசு கொடுப்பதற்கு முன் மிஷினின் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இங்கே பார்க்க வேண்டியது பேலன்ஸ் சக்கரம் எவ்வளவு தூரம் வீசுகிறது என்பதை. வாட்சின் துடிப்பைக் கேட்டு அளக்கும் டைம்கிராஃபர் இருந்தால் எண்ணாகவே கிடைக்கும். வெய்ஷி 1000 போன்ற சிறு கருவியே போதும். அதில் லிஃப்ட் ஆங்கிள், அதாவது வீச்சைக் கணக்கிடக் கருவிக்குக் கொடுக்கும் கோண அளவு, தானாக 52 என்று இருக்கும், இந்தக் குடும்ப சீகோவுக்கு 53 வைத்துக்கொள்ளலாம். கருவி இல்லாதவர்கள் திறந்த மிஷினை ஃபோனில் ஸ்லோ மோஷனில் படம் எடுக்கலாம். 7009 மணிக்கு 21,600 துடிப்பு, அதாவது நொடிக்கு ஆறு. நொடிக்கு 240 படம் எடுக்கும் ஃபோனில் ஒவ்வொரு வீச்சும் நாற்பது படமாக விரிந்து கிடைக்கும். பேலன்ஸின் ஓர் ஆரத்தைக் குறி வைத்து, நடுநிலையிலிருந்து எவ்வளவு தூரம் போய்த் திரும்புகிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

புது சுவிஸ் வாட்சில் 270 பாகைக்கு மேல் எதிர்பார்ப்பார்கள். பழைய சீகோ 220-க்கு மேல் வீசினாலே எனக்குத் திருப்தி. ஆனால் ஒரு தனி எண்ணை வைத்துக்கொண்டு அலைய வேண்டாம். நிரப்பிய உடனே ஒன்று, மறுநாள் அதே நேரத்தில் ஒன்று என்று எடுத்து, இரண்டுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். தொடக்கத்திலேயே வீச்சு குறைவு என்றால் உராய்வு. தொடக்கத்தில் சுமாராக இருந்து மறுநாள் தலைகுப்புற விழுந்தால் பீப்பாய்ப் பக்கம். டயல் மேலே இருக்கும்போது நன்றாக வீசி, குமிழ் கீழே பார்க்க நிறுத்தினால் பெரிதாக விழுகிறது என்றால் பேலன்ஸ் அச்சின் முனைகளையும் கற்களையும் பார்க்க வேண்டும்.

நண்பரின் வாட்ச் தொடக்கத்திலேயே 180-ஐத் தொடவில்லை. மீதச் சாவியை முழுக்க இறக்கிவிட்டு, பேலன்ஸையும், சக்கர வரிசையைத் துடிப்புக்குத் துடிப்பு விடுவிக்கும் பேலட் ஃபோர்க்கையும் எடுத்துவிட்டு, பீப்பாய்க்கு மிகச் சிறிய தள்ளு கொடுத்துப் பார்த்தார் பெரியவர். ஆரோக்கியமான சக்கர வரிசை விர்ரென்று சுற்றி, நிற்கும்போது வரிசையின் கடைசியில் இருக்கும் எஸ்கேப் சக்கரம் சற்றே பின்னோக்கி உதறும். இதில் உதறலே இல்லை, சோம்பலாக வந்து நின்றது. சாவியை இறக்காமல் பேலட் ஃபோர்க்கை எடுப்பது மட்டும் ஒருபோதும் கூடாது. மொத்தச் சக்தியும் ஒரே நொடியில் சக்கரங்கள் வழியாகப் பாய்ந்து அச்சு முனைகளை நாசமாக்கிவிடும்.

பாதிக் காரணம் காய்ந்த எண்ணெய். மிஷினைப் பிரிக்காமல் பெட்ரோலில் முக்கி எடுத்து, காய்ந்ததும் மேலாக எண்ணெய் விட்டிருக்கிறார்கள். எண்ணெயைப் பிடித்து வைக்கும் டயாஃபிக்ஸ் மூடியின் கீழே இருக்கும் கற்களில் பழைய அழுக்கு மஞ்சள் வளையமாக அப்படியே இருந்தது. மீதிக் காரணம் பீப்பாயின் அச்சுத் துளை. அங்கே கல் கிடையாது, வெறும் பித்தளை. மிஷினிலேயே அதிக விசை தாங்கும் இடமும் அதுதான். எண்ணெய் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் ஓடினால் துளை முட்டை வடிவமாகிப் பீப்பாய் சாய்ந்துவிடும். சாய்ந்த பீப்பாயின் விளிம்பு தட்டில் உரசி வட்டமாக ஒரு பளபளப்பான தடத்தை விட்டிருந்தது. இடுக்கியால் பீப்பாயைத் தொட்டாலே ஆடியது. இப்படியான தேய்மானத்தை எந்த எண்ணெயும் சரி செய்யாது. துளையைப் பெருக்கிப் புதிய வளையம் அடிக்க வேண்டும், அல்லது வேறொரு 7009-இலிருந்து அந்தத் துளை உள்ள தாங்கு தகட்டை, அதாவது பிரிட்ஜை, எடுத்துப் போட வேண்டும். பாகங்கள் தாராளமாகக் கிடைக்கும் மிஷின் என்பதால் நண்பர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்.

காந்தம் ஏறுவதைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். காந்தம் ஏறிய வாட்ச் பெரும்பாலும் வேகமாக ஓடும். நேரம் தப்பாமல் ஓடிச் சீக்கிரம் நிற்பதற்குக் காந்தம் பொதுவாகக் காரணமல்ல. சிறு திசைகாட்டியை மிஷின் அருகே கொண்டுபோனால் ஊசி உதறுகிறதா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். முட்கள் ஒன்றோடொன்றோ கண்ணாடியிலோ உரசினால் வாட்ச் திரும்பத் திரும்பக் குறிப்பிட்ட ஒரே நிலையில் நிற்கும், லேசாகத் தட்டினால் மறுபடி ஓடும். ஓடிக்கொண்டே இருந்தால் அது ரிசர்வ் கோளாறே அல்ல.

மாமாவின் வாட்ச் சர்வீஸ் முடிந்து வந்ததும் திருகு எட்டாவது சுற்றில்தான் வழுக்கியது. மேசையில் 41 மணி நேரம் ஓடியது. வீச்சு முன்பு 220 வாக்கில் இருந்தது, இப்போது 250-ஐத் தாண்டுகிறது. மூடியின் ரப்பர் வளையத்தையும் மாற்றச் சொன்னேன். நம் ஊர் வியர்வைக்கும் ஈரக்காற்றுக்கும் அந்த வளையம்தான் காவல். திறந்து மூடும்போதெல்லாம் பழைய வளையத்தையே திணித்து வைப்பதால் அடுத்த கோளாறைக் காசு கொடுத்து உள்ளே அனுப்புகிறோம்.

திறக்கப் பழக்கமில்லாதவர்கள் தாராளமாகக் கடையிலேயே கொடுங்கள். கொடுப்பதற்கு முன் மேசையில் எத்தனை மணி நேரம் தாங்குகிறது, ஒரு நாள் கட்டிய பிறகு எத்தனை மணி நேரம், தொடங்கும் நேரத்தை மாற்றினால் நிற்கும் நேரமும் மாறுகிறதா என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நின்றதும் மீதச் சாவி எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்துச் சொல்லும்படி கேளுங்கள். கூடவே ஒன்று கேட்டுவிடுங்கள்: "பீப்பாய்ச் சுவருக்கு என்ன கிரீஸ் போடுவீங்க?" அந்தக் கேள்விக்கு, "ஆட்டோமேட்டிக்குன்னா அதுக்குத் தனி கிரீஸ் சார், எண்ணெய் விடக் கூடாது" என்று பதில் வருகிற கடையில் வாட்சைத் தைரியமாக விட்டுவிட்டு வரலாம்.